சுல்வாருக்கு அருகில் வசிப்பவர்கள்

எங்கள் சுல்வார் தீவை நோர்வே அரசாங்கம் நெடுங்காலம் மறந்திருந்தது. அதனால் எல்லாம் ஒழுங்காக நடந்தன. கப்பல் வந்தது, மீன் ஏறியது, மாவும் காபித்தூளும் இறங்கின, நர்ஸ் வந்து புண்ணுக்குக் கட்டுப்போட்டுவிட்டுத் திரும்பினாள். பிறகு இடச்சொல் இயக்ககத்துக்கு எங்கள் ஞாபகம் வந்தது.

நோர்வே மொழியில் ஓர் ஊரில் இருப்பதைச் சொல்ல இரண்டு சொற்கள் உண்டு. 'ஈ' என்றால் உள்ளே. 'போ' என்றால் மேலே. பேர்கன் நகரத்துக்கு ஈ. ஹாமார் நகரத்துக்குப் போ. தீவுகளுக்குப் பெரும்பாலும் போ, ஆனால் லொஃபோட்டன் தீவுகளுக்கு ஈ. ஏன் என்று கேட்டால் அப்படித்தான் என்பார்கள். மீன் தொழிற்சாலை வேலைக்கு நான் இங்கே வந்த புதிதில், என் தமிழ்க் காதுக்கு ஒன்று மொய்ப்பதாகவும் மற்றது விரட்டுவதாகவும் கேட்டது. எதைப் போட்டுப் பேசினாலும் சுல்வார்க்காரர்கள் புரிந்துகொண்டார்கள். அவர்களே காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றுமாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இந்தச் சீர்கேட்டை ஒழிக்கத்தான் இயக்ககம். நாட்டில் உள்ள ஒவ்வோர் ஊருக்கும் ஒரே ஓர் இடச்சொல்லை நிர்ணயித்து, அதை எல்லா அலுவலகக் கணினிகளிலும் ஏற்றுவது அதன் கடமை. முதலில் அது தலைநகரில் இருந்தது. உள்நாட்டு வளர்ச்சியை முன்னிட்டு அதை ஹாமாருக்கு மாற்ற அரசு முடிவெடுத்தபோது, தங்களைப் போ ஊருக்கு அனுப்புவது பணிநிபந்தனைக்கு விரோதம் என்று ஈ பிரிவினர் போராடினார்கள். கடைசியில் ஏரிக்கரையில் இரண்டு வாசல் வைத்த கட்டடம் எழும்பியது. இன்றுவரை ஈ பிரிவும் போ பிரிவும் தங்கள் ரொட்டிப் பொட்டலங்களைத் தனித்தனி அறைகளில்தான் பிரிக்கின்றன.

சுல்வாரின் முறை வந்தபோது அவர்களால் ஒருமித்த முடிவுக்கு வர முடியவில்லை. கணினியில் எங்கள் ஊர்ப் பெயருக்கு முன்னால் ஒரு வெற்றிடம் விட்டு, 'பரிசீலனையில்' என்று குறித்தார்கள். அது எங்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் கவலைப்பட்டிருக்க மாட்டோம்.

முதலில் அடிபட்டது சோல்ஃப்ரீட். தொழிற்சாலையில் எனக்குப் பக்கத்து மேசையில் மீன் கீறுபவள். அவள் கணவர் தோர்லெய்ஃப் முன்பு கடலில் காட் மீன் பிடித்தவர். சர்க்கரை நோயில் அவருடைய இடது காலில் புண் வந்து, ஆறுவதும் பெருகுவதுமாக இருந்தது. குட்வெய்க் என்ற நர்ஸ் பெருநிலத்திலிருந்து வாரந்தோறும் கப்பலில் வந்து அதைச் சுத்தம் செய்து கட்டுவாள். ஒருநாள் கப்பல் வந்து சாய்பலகையை இறக்கியதும், குட்வெய்க் பலகையின் நுனிவரை நடந்து வந்து நின்றுவிட்டாள்.

"வர்றதுக்கு அனுமதி இருக்கு. இருக்கறதுக்குத்தான் இல்ல," என்றாள்.

"வந்துட்டு இருக்காம எப்படி?" என்று கேட்டாள் சோல்ஃப்ரீட்.

"அதத்தான் நானும் கேட்டேன். சுல்வாருக்குப் பயணம்னு பதியலாமாம், சுல்வார்லேர்ந்து பயணம்னு பதியலாமாம். நடுவுல நான் எங்க இருந்தேன்னு கேட்டா கணினில சொல்லு இல்ல. சொல்லு இல்லாத இடத்துல கட்டுப்போட்டா, அந்தக் கட்டு போட்டதாவே ஆகாதாம்."

கப்பலின் தலைவர் இடார் மேலே கண்ணாடி அறையிலிருந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். கப்பலில் இருப்பதற்குத் தனிச் சொல் உண்டு, அதில் எந்த இயக்ககமும் கைவைக்கவில்லை, ஆளைக் கொண்டுவாருங்கள் என்றார். இரண்டு பேராகத் தோர்லெய்ஃபைத் தாங்கிப் பிடித்துவந்து, வண்டிகள் நிறுத்தும் தளத்தில் ஒரு மீன்பெட்டியைக் கவிழ்த்து உட்காரவைத்தோம். டிராக்டருக்கும் பால்வண்டிக்கும் நடுவில் அவர் கால் சுத்தமானது. இது நன்றாக இருக்கிறதே, வேடிக்கை பார்க்கவும் ஆள் இருக்கிறது என்றார் தோர்லெய்ஃப்.

இடார் செய்த தவறு அதுதான். அடுத்த முறை முடிவெட்டுகிறவள் கப்பலிலேயே நாற்காலி போட்டாள்; சுல்வாரில் அவள் வெட்டிய தலைகள் வரிக்கணக்கில் ஏறவில்லையாம். பிறகு ஊராட்சி ஊழியர்கள் மேசையோடு வந்தார்கள். கால்நடை மருத்துவர் ஆடுகளை மேலே ஏற்றச் சொன்னார். ஒரு ஞாயிறு, பாதிரியார் கப்பல் தளத்தில் குழந்தைக்கு ஞானஸ்நானம் செய்தார். பரலோகத்துக்கு எப்போதும் ஈ, பூமிக்கு எப்போதும் போ, அதில் வாக்குவாதம் இல்லை, சுல்வார்தான் இடையில் சிக்கலாக இருக்கிறது என்று அவர் பிரசங்கத்தில் வருத்தப்பட்டார். இயந்திர இரைச்சலில் பாதிப் பேருக்குக் குழந்தையின் பெயர் கேட்கவில்லை. கப்பல் நேரத்துக்குப் புறப்படுவது நின்றுபோனது. எண்ணெய் மாற்றப் போன இடார், இயந்திர அறைப் படியில் யாரோ ஒருவர் ஓய்வூதியம் பற்றி ஆலோசனை பெற்றுக்கொண்டிருப்பதைக் கண்டு திரும்பி வந்தார்.

நாங்கள் எல்லோரும் கையெழுத்திட்டு முறையிட்டோம். முறையீடு போன வேகத்திலேயே பதில் வந்தது. மக்கள் பேசும் விதமே இறுதியானது என்பது இயக்ககத்தின் அடிப்படைக் கொள்கை, ஆகவே மக்களை நேரில் கேட்க இயக்குநரே வருகிறார் என்று.

இயக்குநர் ப்ரெபென் ஹாகெலுண்ட் வெயில் அடித்த ஒரு நாளில் வந்தார். புதிய மழைக்கோட்டில் விலைச்சீட்டின் நூல் தொங்கிக்கொண்டிருந்தது. அவருடைய பணியாளர்களும் சுல்வாரில் இருக்க முடியாது என்பதால், விசாரணை கப்பலில்தான் நடந்தது. நாங்கள் வாஃபிள் சுட்டு, காபி போட்டு, பழுப்புப் பாலாடைக்கட்டியைச் சீவி எடுத்துக்கொண்டு போனோம். கோபமாக இருந்தாலும் வந்தவர்களுக்கு வாஃபிள் கொடுப்பது இங்கே வழக்கம்.

"என்ன ப்ரெபென்னே கூப்பிடுங்க," என்று தொடங்கினார். "நான் எளிமையான ஆளு. இயக்ககத்துல எல்லாரும் இயக்குநர்னுதான் கூப்பிடறாங்க. அத நான் தடுக்கறதும் இல்ல."

அன்றிலிருந்து சுல்வார் முழுவதும் அவரை இயக்குநர் ஐயா என்றே அழைத்தது.

பிறகு அவர் பேசினார். "உங்க வீட்டயே எடுத்துக்கங்க. சமையலறைக்குப் போ. முன்னறைக்கு ஈ. ஒவ்வொரு நோர்வேக்காரனும் தினமும் காபிக் கோப்பையோட சமையலறைக்கு மேலேர்ந்து முன்னறைக்கு உள்ள போறான். ஒரு தடவையாவது விழுந்திருக்கானா? இல்ல. இது தானா நடக்குதுன்னு ஜனங்க நினைக்கறாங்க. இயக்ககம் வர்றதுக்கு முன்னாடியும் யாரும் விழலையேன்னு சில பேர் கேக்கறாங்க. அதுக்கு நான் சொல்றது, அப்ப யாரும் கணக்கெடுக்கல."

கணக்கெடுக்காததை எப்படி மறுப்பது என்று எங்களுக்குத் தெரியவில்லை. கைதட்டினோம். அடுத்து சாட்சியம். தோர்லெய்ஃபின் கட்டுதான் இந்த விவகாரத்தின் ஆரம்பம் என்பதால் சோல்ஃப்ரீடை முதலில் அழைத்தார்கள். அவள் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள். எங்கே பிறந்தீர்கள் என்று இயக்குநர் கேட்டார். அவள் கரையில் தெரிந்த சிவப்பு வீட்டைக் காட்டி, அங்கே என்றாள்.

"அங்கங்கறது இடம் இல்லம்மா. அது ஒரு மனநிலை."

"மனநிலைல கூரை ஒழுகாது," என்றாள் சோல்ஃப்ரீட். "அங்க ஒழுகுது."

ஈ பிரிவு அலுவலர் அதைக் குறித்துக்கொண்டார். ஒழுக வேண்டுமானால் உள்ளே ஒன்று இருக்க வேண்டும் என்றார். போ பிரிவு அலுவலர், கூரை மேலேதான் இருக்கிறது என்றார். அதோடு அவர்களுக்குள் பேச்சு நின்றுபோனது. இயக்குநர் பொறுமையாக, சுல்வாரைப் பற்றிப் பேசும்போது எந்தச் சொல் உங்கள் வாயில் வருகிறது என்று கேட்டார். அவள் யோசித்துப் பார்த்தாள். பொய் சொல்லத் தெரியாதவள்.

"தெரியலயே. கவனிச்சதில்ல."

இயக்குநரின் முகம் மலர்ந்தது. "பாருங்க," என்றார் எல்லோரையும் நோக்கி. "கவனிக்காமலே பேசிட்டிருந்திருக்காங்க. இப்படி எத்தன ஊரு இருக்கோ."

சோல்ஃப்ரீடுக்கு அன்று முழுவதும் மனசு சரியில்லை. தான் வேறு மாதிரி பதில் சொல்லியிருந்தால் ஊருக்கு நல்லது நடந்திருக்குமோ என்று மேசையில் மீன் கீறியபடி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டாள். எந்தப் பதில் சொல்லியிருந்தாலும் இரண்டில் ஒரு பிரிவு மேல்முறையீடு செய்திருக்கும் என்றேன். அது அவளுக்கு ஆறுதலாக இல்லை.

தீர்ப்பு இலையுதிர்காலத்தில் வந்தது. ஈ பிரிவையும் போ பிரிவையும் மனம் நோகச் செய்யாத சமரசம் என்று இயக்ககம் அதைப் பாராட்டிக்கொண்டது. சுல்வாருக்கு உள்ளேயும் கிடையாது, மேலேயும் கிடையாது. இனிமேல் 'அருகில்'. நாங்கள் அனைவரும் சுல்வாருக்கு அருகில் வசிப்பவர்கள்.

முதலில் சிரித்தோம். என் பக்கத்து வீட்டுக்காரர், தன் வீட்டுக்கு அருகிலிருந்து வருவதாகச் சொல்லிக்கொண்டு வந்து சர்க்கரை கடன் வாங்கினார். ஆனால் கணினிகள் சிரிக்கவில்லை. சுல்வாரில் ஒருவரும் வசிக்கவில்லை என்பது இப்போது அரசுத் தகவல். ஆளில்லாத தீவின் படகுத்துறையில் கப்பல் நிற்க விதியில்லை. பயணிகள் அருகில் இருப்பதால் கப்பலும் அருகில் நிற்க வேண்டும் என்று கப்பல் நிறுவனம் இடாருக்கு உத்தரவு போட்டது. எவ்வளவு அருகில் என்று அவர் கேட்டதற்கு, முட்டாத அளவுக்கு என்று பதில் வந்ததாம்.

அப்படித்தான் கப்பல் அலைதடுப்புச் சுவருக்கு வெளியே நிற்க ஆரம்பித்தது. நாங்கள் துடுப்புப் படகில் போய் மாவு மூட்டையை வாங்கினோம். கடல் அமைதியாக இருந்த நாட்களில் சோல்ஃப்ரீட் தோர்லெய்ஃபைப் படகில் உட்காரவைத்துக் கொண்டுபோவாள். அலை அடித்த நாட்களில் குட்வெய்க் கட்டுத்துணிகளைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கீழே எறிந்துவிட்டு, எப்படிக் கட்ட வேண்டும் என்று கப்பலின் ஒலிபெருக்கியில் சொல்லுவாள். தோர்லெய்ஃபின் புண் எந்த நிறத்தில் இருக்கிறது என்று ஊரே தெரிந்துகொண்டது. நவம்பரில் அலை அடிக்காத நாட்கள் குறைவு.

ஒருநாள் காலை சோல்ஃப்ரீட் வேலைக்கு வரவில்லை. என்னவென்று பார்க்கப் போனேன். தோர்லெய்ஃப் சமையலறை நாற்காலியில் நடுங்கிக்கொண்டிருந்தார். காய்ச்சல் கொதித்தது. கால் முழங்காலுக்குக் கீழே வீங்கி, விரல்கள் கறுத்திருந்தன. அவள் ஆம்புலன்ஸ் எண்ணில் பேசிக்கொண்டிருந்தாள். நானும் கேட்கட்டும் என்று ஒலியைக் கூட்டினாள்.

எதிர்முனையில் ஓர் இளைஞன். மரியாதையான குரல். நோயாளி சுல்வாருக்கு அருகில் என்று திரையில் காட்டுவதாகவும், ஹெலிகாப்டருக்கு எந்தப் பக்கம் அருகில் என்று தெரிய வேண்டும் என்றும் சொன்னான். தீவைச் சுற்றி எல்லாப் பக்கமும் அருகில்தானே என்றான். சமையலறையில் இருக்கிறார் என்று சோல்ஃப்ரீட் சொன்னாள். சமையலறை எதன் மேல் இருக்கிறது என்று கேட்டான். தரை மேல் என்றாள். அது எந்த ஊரின் தரை என்று கேட்டுவிட்டு, அவனே சங்கடப்பட்டு, மேலதிகாரியைக் கேட்டுவருகிறேன், இணைப்பிலேயே இருங்கள் என்றான். ஓர் இசை ஓடத் தொடங்கியது.

சோல்ஃப்ரீட் அந்த இசையைக் கொஞ்சநேரம் கேட்டாள். தோர்லெய்ஃபைப் பார்த்தாள். பிறகு இணைப்பைத் துண்டித்தாள்.

"அவரோட ஆரஞ்சு உடைய எடு," என்றாள் என்னிடம். "கொட்டகைல தொங்குது."

கப்பல் கவிழ்ந்தால் மீனவர்கள் மாட்டிக்கொள்ளும் உயிர்காப்பு உடை அது. தண்ணீரும் புகாது, குளிரும் புகாது. எதற்கு என்று நான் கேட்கவில்லை. அவள் முகம் கேட்கவிடவில்லை. இருவரும் சேர்ந்து கத்தி குத்தியதுபோல் வலிக்கும் காலை மெதுவாக நுழைத்து அவருக்கு அதை மாட்டினோம். பக்கத்து வீட்டுக்காரரும் வந்தார். நாற்காலியோடு தூக்கிப் பாறைச் சரிவில் இறக்கி, தண்ணீருக்குள் நடந்து, மணல் தட்டையாக இருந்த இடத்தில் நாற்காலியை வைத்தோம். கடல் தோர்லெய்ஃபின் முழங்காலைத் தொட்டது. சோல்ஃப்ரீட் பின்னால் நின்று அவர் தோள்களைப் பிடித்துக்கொண்டாள். அவள் போட்டிருந்தது வெறும் ரப்பர் பூட்ஸ்.

"ஆயுசு பூரா கடல்ல விழாம இருந்தேன்," என்று முனகினார் தோர்லெய்ஃப். "இப்ப நீயே தள்றே."

"தள்ளல. உக்கார வெச்சிருக்கேன்."

நோர்வே மொழியில் ஒருவன் கடலுக்குப் போ என்றால் தொழிலுக்குப் போயிருக்கிறான் என்று பொருள். கடலுக்கு ஈ என்றால் விழுந்துவிட்டான். இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள இந்தக் கரையோரத்தில் யாருக்கும் எந்தத் துறையும் தேவைப்படவில்லை. சோல்ஃப்ரீட் கடல் மீட்பு நிலையத்தை அழைத்து, ஒருத்தர் கடலுக்குள்ள இருக்கார், சுல்வார் அலைதடுப்புக்குத் தெக்கே, என்று மட்டும் சொன்னாள். அவர்கள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

மீட்புப் படகு வரும்வரை அவள் அவரோடு பேசிக்கொண்டேயிருந்தாள். கூரையை வசந்தத்தில் மாற்ற வேண்டும், தகரமா ஓடா, நீ சொல், தூங்காதே என்றாள். அவர் தகரம் என்றார். அவள் ஓடுதான் நல்லது என்று சண்டைக்கு இழுத்தாள். அவளுடைய உதடு நீலமாகிவிட்டது. நான் போர்வையைக் கொண்டுபோய்ப் போர்த்தினேன். அது நனைந்து கனத்ததுதான் மிச்சம்.

மீட்புப் படகு அலையைக் கிழித்துக்கொண்டு வந்தது. அதன் தலைவர் இறங்கி நாற்காலியைப் பார்த்தார், கரையில் புகைபோக்கியோடு தெரிந்த வீட்டைப் பார்த்தார், காலைப் பார்த்தார்.

"கடலுக்குள்ளயா?" என்றார்.

"முழங்கால் வரைக்கும்," என்றாள் சோல்ஃப்ரீட்.

"அது போதும்."

கணவன் மனைவி இருவரையும் தூக்கிக்கொண்டு போனார்கள். மருத்துவமனையில் தோர்லெய்ஃபின் இரண்டு கால்விரல்களை எடுத்தார்கள். கால் பிழைத்தது. இன்னும் தாமதித்திருந்தால் கால் மட்டும் போயிருக்காது என்று மருத்துவர் சொன்னாராம். சோல்ஃப்ரீட் அதைக் கேட்டபிறகுதான் அழுதாள் என்று குட்வெய்க் என்னிடம் சொன்னாள்.

மீட்புப் படகில் ஒருவர் எடுத்த படம் செய்தித்தாள்களில் வந்தது. கடலுக்கு நடுவில் சமையலறை நாற்காலி, அதில் ஆரஞ்சு உடையில் ஒரு பெரியவர். நாடு கொதித்தது. அமைச்சர் விளக்கம் கேட்டார். இயக்குநர் ஹாகெலுண்ட் தொலைக்காட்சியில் தோன்றினார்.

"இயக்ககத்துக்கு இது பெருமையான நாள்," என்றார். "மொழிப் பயிற்சியே இல்லாத ஒரு சாதாரணப் பெண்மணி, உயிர் போற நேரத்துலயும் சரியான இடச்சொல்லத் தேர்ந்தெடுத்திருக்காங்க. போன்னு சொல்லியிருந்தா மீட்புப் படகு வந்திருக்காது. எங்க பணி கடைசி வீடு வரைக்கும் போய்ச் சேர்ந்திருக்குங்கறதுக்கு வேற என்ன சாட்சி வேணும்?"

செய்தியாளர், அந்தப் பெண்மணி ஏன் கணவரைக் கடலில் உட்காரவைக்க நேர்ந்தது என்று கேட்டார். அது மருத்துவத் துறையைக் கேட்க வேண்டிய கேள்வி என்றார் இயக்குநர்.

ஆனாலும் தீர்ப்பு திருத்தப்பட்டது. சம்பவ இடத்தின் நீர்மட்டத்தை ஆராய்ந்த நிபுணர் குழு, கடல் ஏறும்போது சுல்வாருக்கு ஈ, இறங்கும்போது போ என்று முடிவு செய்தது. குட்வெய்க் இப்போது கட்டுத்துணிகளோடு, கடல் ஏறி இறங்கும் நேரங்களைக் காட்டும் ஓத அட்டவணையும் எடுத்துவருகிறாள். கட்டுப்போடும் பாதியில் ஓதம் திரும்பினால் இரண்டு பதிவுகள் போட வேண்டும். கப்பல் மட்டும் எல்லா ஓதத்திலும் படகுத்துறைக்கே வருகிறது. இடார் உத்தரவுக்குக் காத்திருக்கவில்லை. அந்தப் படம் வெளியான அன்றே சாய்பலகையை இறக்கிவிட்டார். அவரை யாரும் கேள்வி கேட்கவில்லை, கேட்டால் அவர் என்ன பதில் சொல்லுவார் என்பது நிறுவனத்துக்குத் தெரியும்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் தோர்லெய்ஃப் ஊன்றுகோலோடு திரும்பினார். அவர்கள் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். வேகவைத்த காட் மீன், உருளைக்கிழங்கு, உருக்கிய வெண்ணெய். தட்டு வைக்கும்போது தொலைபேசி அடித்தது. இயக்குநர் ஐயாதான். தீர்ப்பால் பயன் பெற்றவர்களின் கருத்தைத் திரட்டுகிறாராம். திருப்தி எப்படி என்று கேட்டார். சோல்ஃப்ரீட், கால் பரவாயில்லை என்றாள். தற்போது நீங்கள் இருவரும் எங்கே இருக்கிறீர்கள், முழு வாக்கியமாகச் சொல்லுங்கள் என்றார்.

"நாங்க யெம்மெ," என்றாள்.

'தம் வீட்டில்' என்பதற்கு நோர்வே மொழியில் இந்த ஒற்றைச் சொல்தான். முன்னால் ஈயும் வராது, போவும் வராது.

"அது வினையடை," என்றார் இயக்குநர். "எங்க அதிகாரத்துல வராது."

"அப்ப யாரோட அதிகாரத்துல வரும்?"

"யாரோடதுலயும் இல்லம்மா." அவர் குரல் மாறியது. அதில் முதல்முறையாக உண்மையான ஆர்வம் இருந்தது. "இந்த நாட்டுல அம்பது லட்சம் பேரு தினமும் அந்தச் சொல்லச் சொல்றாங்க. அதக் கவனிக்கறதுக்குன்னு ஓர் இயக்ககம்கூட இல்ல."

சோல்ஃப்ரீடின் கை தொலைபேசியை இறுகப் பிடித்தது. என்னைப் பார்த்தாள், தோர்லெய்ஃபைப் பார்த்தாள்.

"தப்பாச் சொல்லிட்டேன், இயக்குநர் ஐயா," என்றாள். "நாங்க யாருமே இங்க இல்ல."

வைத்துவிட்டாள். உடனே அது மறுபடி அடிக்கத் தொடங்கியது. தோர்லெய்ஃப் அதைத் திரும்பிப் பார்த்தார், பிறகு ஆவி பறந்த உருளைக்கிழங்கு ஒன்றை எடுத்துத் தோலுரிக்க ஆரம்பித்தார்.